ஆளுக்குக் கொஞ்சம் கழித்து

காலை ஏழு மணிக்கே தம்பி போனில் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, இன்னிக்கு இருபத்தோராம் நாள். ஓட்டுல விரிசல் விழ ஆரம்பிச்சாச்சு. நாலாயிரம் முட்டை. ஜெனரேட்டர் வேற ஒர்க்‌ஷாப்புல கிடக்கு. உன்னை நம்பித்தான் இருக்கேன். மதியம் கரண்ட் போகாம பார்த்துக்க."

"கரண்டை நான் என்ன முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்?"

"எவ்வளவு வரணும்னு நீதானே கணக்குப் போடற?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருஷமாக வேலை. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று வீட்டில் ஒருவருக்காவது விளங்கவைக்க முடிந்ததா என்றால், இல்லை. அம்மாவைக் கேட்டால், "கரண்ட் ஆபீஸ்ல பெரிய வேலை" என்பாள். அதோடு விடுவாளா? "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானம் ஏறி வைகுண்டம் காட்டறாளாம். சொந்தத் தம்பி வீட்டுக்கு மூணு மணி நேரம் கரண்ட் கொடுக்க முடியல" என்றும் சேர்த்துச் சொல்வாள்.

அதில் முள் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் தம்பி குஞ்சு பொரிப்பகம் தொடங்கி, முதல் தடவை அடுக்கிய முட்டைகள் பொரிக்கிற நாளில் மின்வெட்டு வந்தது. ஒரு மணி நேரம்தான் என்று அவள்தான் சொன்னாள். மூன்று மணி நேரம் போனது. மெஷின் ஆறிப்போய், ஓட்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டன. அந்த வெட்டுக்கான உத்தரவு போனதே அவள் உட்கார்ந்திருந்த அறையிலிருந்துதான். அதற்குப் பிறகுதான் தம்பி ஒரு பழைய ஜெனரேட்டரை வாங்கிப் போட்டான். அது மாதத்தில் பாதி நாள் இருமிக்கொண்டு கிடக்கும். இரண்டாவது தடவையும் போனால் அவன் கடையை மூட வேண்டியதுதான். அவனும் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் வேலை என்னவென்று ஒருமுறை சொல்லிவிடலாம், சங்கடம் தீரும். மின் நிலையங்கள் எல்லாம் வடக்கே. ஊரும் தொழிற்பேட்டையும் தெற்கே. நடுவே இரண்டு லைன்கள். அந்த இரண்டின் வழியாக, ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதற்கு மேல் இன்னும் எவ்வளவு கொண்டுவரலாம் என்று தினமும் காலை பத்து மணிக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். இரண்டு லைன் இருக்கிறதே, இரண்டும் தாங்குகிற அளவுக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்கள் பீரோ தூக்கிப் பார்த்ததில்லை. இரண்டு பேர் ஒரு பீரோவைப் படியேற்றும்போது ஒருவன் கை நழுவினால், முழுப் பாரமும் மற்றவன் தலையில்தானே? அந்த ஒருவனால் தனியாகத் தாங்க முடிகிற பீரோவைத்தான் தூக்கவே வேண்டும். ஆகவே ஒரு லைன் தனியாக எவ்வளவு தாங்குமோ அதுதான் எல்லை. அதிலிருந்து ஏற்கெனவே வாக்குக் கொடுத்ததைக் கழி. எதிர்பாராததற்கென்று ஐம்பது மெகாவாட் கழி. மிச்சம் இருப்பதுதான் அன்றைய எண். அவள் வேலையே கழிப்பது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கழித்தலம்மா. நேரே சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான்.

அவளுடைய மேலதிகாரிக்கும் ஒரு பெயர் உண்டு. கூட்டல். யார் எந்த எண்ணைக் கொடுத்தாலும் கூட்டிக்கொள்வார். எழுபது என்று எழுதிக் கொடுத்தால் கண்ணைச் சுருக்கி, "பையில எவ்வளவு மேடம்?" என்பார். ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டார். முப்பது கூட்டி நூறாக்கி மேலே அனுப்பிவிடுவார். இப்படி இரண்டு தடவை பட்ட பிறகு, அவர் கூட்டப்போகிற முப்பதை முன்கூட்டியே கழித்துக் கொடுக்க அவளும் கற்றுக்கொண்டாள். அவள் கழிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இதற்குப் பெயர் நிர்வாகம்.

அன்று காலை கணினி முன் உட்கார்ந்தபோது தம்பியின் குரல் காதிலேயே நின்றது. லைன் தாங்குவது ஐந்நூறு. ஏற்கெனவே வருவது முந்நூற்றைம்பது. எதிர்பாராததற்கு ஐம்பது. மிச்சம் நூறு. மதியத் தேவையோ நூற்று எண்பது. எண்பது குறைகிறது. அந்த எண்பதுதான் ஆறு மாதமாக ஊரை ஒவ்வொரு பகுதியாக வேர்க்க வைத்துக்கொண்டிருக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று அலுத்துக்கொண்டு, பழைய கோப்பு ஒன்றைப் புரட்டினாள். லைன் போட்ட வருஷத்துச் சோதனை அறிக்கை. கம்பி தாங்கும் அளவு அறுநூறு.

அறுநூறா?

துணைமின் நிலையத்துப் பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். மாதாமாதம் ஐந்நூறு என்று எழுதி அனுப்புகிற புண்ணியவான் அவர்தான்.

"அந்த ஐந்நூறு எங்கிருந்து வந்துச்சு சார்?"

"லைன் மேஸ்திரி ஐந்நூத்தி நாப்பதுன்னு கொடுத்தாரு மேடம். நான் நாப்பது கழிச்சேன்."

"எதுக்கு?"

"அவரு ஏத்திச் சொல்ற ஆளு மேடம். நம்ம ஜாக்கிரதையில நாம இருக்க வேண்டாமா?"

அடுத்து லைன் மேஸ்திரி. கோபுரங்களின் கீழேயே முப்பது வருஷம் நடந்து தேய்ந்தவர். எதிர்முனையில் காற்று இரைந்தது.

"கம்பி அறுநூறு தாங்கும் மேடம். போன வாரம்கூட உச்சி வெயில்ல நானே போய் அளந்தேன். ஒரு இடத்துலயும் தொங்கல. ஜம்முனு நிக்குது."

"அப்புறம் ஏன் ஐந்நூத்தி நாப்பதுன்னு எழுதினீங்க?"

"அறுநூறுன்னு எழுதினா ஸ்டேஷன்காரரு அறுநூத்தி அம்பதா ஏத்தி விடுவாரே! அதான் ஒரு அறுபதை நான் வச்சுக்கிட்டேன்."

"அவர் ஏத்தறதில்லை மேஸ்திரி. நீங்க ஏத்திச் சொல்றீங்கன்னு அவர் நாப்பது கழிச்சுக்கிட்டிருக்கார்."

"அட, கழிக்கிறாரா?" மேஸ்திரி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "எனக்குத் தெரியாதே!"

அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. அறுநூறு கிளம்புகிறது. வழியில் அறுபதை ஒருவர் மடியில் கட்டிக்கொள்கிறார். நாற்பதை இன்னொருவர். முப்பதை அவளே. இவர்கள் யாரும் திருடர்கள் இல்லை, எல்லாரும் ஜாக்கிரதைசாலிகள். ஜாக்கிரதைசாலிகள் சேர்ந்து ஒரு ஊரையே விசிறிமட்டை வீச வைத்துவிட்டார்கள். ஓட்டுக்குள் செத்துப்போன அத்தனை குஞ்சுகளையும் இந்த ஜாக்கிரதைதான் கொன்றது, அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி.

போதும் என்று முடிவு செய்தாள். மேஸ்திரியிடமும் பொறுப்பாளரிடமும் உண்மையான அளவை எழுத்தில் வாங்கினாள். அறுநூற்றில் முந்நூற்றைம்பது போனால் இருநூற்றைம்பது. எதிர்பாராததற்கு ஐம்பது. மிச்சம் இருநூறு. தேவைக்கு மேலேயே இருபது. ஒரு முப்பதைக்கூட ஒளிக்காமல், பல வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, உள்ளது உள்ளபடி எழுதிக் கூட்டலின் மேசையில் வைத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பையில எவ்வளவு?"

"பை காலி சார். இது முழுக் கணக்கு. இதுக்கு மேல ஒண்ணுகூட ஏத்தக் கூடாது."

"நேத்து எழுபது, இன்னிக்கு இருநூறு. திடீர்னு இவ்வளவு வெளியில எடுக்கறீங்கன்னா, உள்ள இன்னும் எவ்வளவு இருக்கும்!"

"சத்தியமா ஒண்ணும் இல்ல சார்."

"சரி சரி," என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கி வைத்தார். அந்தச் சிரிப்பை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் வெளியே வந்து, தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், இன்னிக்குக் கரண்ட் போகாது. நிம்மதியா இரு."

"நிஜமாவா அக்கா?"

"நான் சொல்றேன்டா. போகாது."

மதியம் இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்தவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். லைன்களில் ஓடிக்கொண்டிருந்தது அறுநூற்றுப் பத்து.

ஐந்நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. எதிர்பாராததற்கான ஐம்பதையும் தின்று, அதற்கு மேலும் பத்து ஏறியிருந்தது. கூட்டலின் அறைக்கு ஓடினாள்.

"சார், இருநூறுன்னுதானே கொடுத்தேன்?"

"ஆமா. உங்க பையிலேர்ந்து ஒரு அறுபது எடுத்து இருநூத்தி அறுபதாக்கினேன். தொழிற்பேட்டையில இரும்பு உலை போடணும்னு ரெண்டு மாசமா கேட்டுட்டே இருந்தாங்க. கொடுத்துட்டேன்."

"பை காலின்னு சொன்னேனே சார்!"

"தினமும்தான் சொல்றீங்க."

"தினமும் பொய் சொன்னேன் சார். இன்னிக்குத்தான் நிஜம்."

"ஒளிக்கறவங்க எல்லாரும் இப்படித்தானே மேடம் சொல்வாங்க?" என்றார் அவர், ரொம்ப நல்ல மனதோடு. "ரெண்டு லைனும் கம்பீரமா நிக்குது. ஏன் பதறறீங்க?"

விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுகிறவரிடம் என்ன பேசுவது? உலைக்காரர்களிடம் சொல்லி நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். திடுதிப்பென்று நிறுத்தினால் உலைக்குள் இரும்பு உறைந்துவிடும், அரை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்றார். அப்படியானால் இப்போதே சொல்லுங்கள் என்று அவர் எதிரிலேயே நின்றாள். அவர் சலித்துக்கொண்டே போனை எடுத்து ஒருவழியாகச் சொன்னபோது மணி இரண்டு நாற்பது.

அதே நேரம் அவளுடைய கைப்பேசி அடித்தது. லைன் மேஸ்திரி.

"மேடம், ரெண்டாவது லைனுக்குக் கீழ புல்லு பத்திக்கிச்சு! காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. புகை கம்பிக்குப் போயிடுச்சுன்னா கரண்ட் அது வழியா பாஞ்சு லைன் தானா நின்னு விழுந்துடும். அணைச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது!"

இரண்டாவது லைன் விழுந்தால் அறுநூற்றுப் பத்தும் முதல் லைனின் தலையில். அது அறுநூறு தாங்கும். அதுவும் சாய்ந்தால் தெற்கு முழுக்க ஒரேயடியாகப் போகும். திரும்பக் கொண்டுவர ராத்திரியாகிவிடும். உலை நிற்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உடனே குறைக்க ஒரே வழி ஊரில் ஒரு பகுதியை நிறுத்துவதுதான்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிவந்தாள். சுவிட்ச் மேசைக்காரர் மின்வெட்டு முறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறுபது குறைக்கணும். முறை யாருக்கு?"

"கிழக்குப் பகுதி மேடம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க தம்பி வீடு அங்கதானே? பொரிக்கிற நாள்னு காலையில சொன்னீங்களே. மேற்கை நிறுத்திடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

தெரியாதுதான். மேற்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு மாதமாக ஆளுக்குக் கொஞ்சம் ஒளித்ததெல்லாம் இதே மாதிரி, யாருக்குத் தெரியப் போகிறது என்றுதானே?

"நேத்து மேற்குக்காரங்கதான் வேர்த்தாங்க," என்றாள். "கிழக்கை நிறுத்துங்க."

"மேடம்..."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க சார்!"

அவர் நிறுத்தினார். எண் ஐந்நூற்றைம்பதுக்கு இறங்கியது. எட்டாவது நிமிஷம் புகை கம்பியைத் தொட்டு இரண்டாவது லைன் விழுந்தது. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் லைன் ஐந்நூற்றைம்பதையும் தனியாகத் தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்றது.

தம்பியைக் கூப்பிட்டாள். எடுத்தது தம்பி மனைவி.

"மெஷின் கதவைத் திறக்க வேணாம்னு சொல்லு. இருக்கிற கம்பளியெல்லாம் போட்டு மூடச் சொல்லு. நான்தான் நிறுத்தச் சொன்னேன். வேற வழியில்ல."

"சரி அண்ணி. அவர் உள்ள வேலையா இருக்கார். வச்சிடறேன்."

ஒரு திட்டு இல்லை, ஒரு அழுகை இல்லை. அதுதான் அவளை அறுத்தது. தீ அணைந்து இரண்டாவது லைன் எழுந்த பிறகு, கிழக்குக்குத் திரும்ப மின்சாரம் கொடுத்தபோது மணி நாலு. ஒரு மணி பத்து நிமிஷம். ஒவ்வொரு நிமிஷத்தையும் அவள் எண்ணியிருந்தாள். நடுவே கூட்டல் உள்ளே வந்து, திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பார்த்தீங்களா? ஒத்தை லைன் ஐந்நூத்தி அம்பது தாங்குச்சு. காலையில நீங்க போட்ட கணக்குல மிச்சம் அம்பது அப்படியே இருக்கு. பை காலின்னீங்களே!"

"அது எதிர்பாராததுக்கு வச்ச அம்பது சார். அந்த எதிர்பாராததுதான் இப்ப நடந்துச்சு."

"எப்படியோ, வச்சிருந்தீங்கல்ல? இனிமே உங்க பைக்கு அறுபதுன்னே ஒரு கணக்கு வச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் அந்த மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தரை மணிக்குத் தம்பியின் தெருவில் இறங்கினாள். பொரிப்பகத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, உள்ளே எப்படிப் போவது, எந்த முகத்தோடு போவது என்றுதான் இருந்தது. கதவைத் தள்ளினாள்.

கீச் கீச்சென்று காதே அடைத்துப்போகிற சத்தம். தட்டுத் தட்டாக மஞ்சள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டு, ஈரம் காய்ந்தும் காயாமலும், ஆயிரக்கணக்கில். தம்பி வேர்வையும் சிரிப்புமாக நிமிர்ந்தான்.

"மூவாயிரத்து எழுநூறு அக்கா! மிச்சத் தட்டு நாளைக்குப் பொரிச்சுடும்!"

அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தம்பி மனைவி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்த பிறகுதான் மூக்குக்கு அந்த வாசம் எட்டியது. டீசல். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சாக்கு மூடிய ஒரு பெரிய உருவம். சாக்கின்மேல் கையை வைத்தாள். இன்னும் சுட்டது.

"ஜெனரேட்டர் ஒர்க்‌ஷாப்புலன்னு சொன்னியே?"

தம்பி தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதேக்கா. போன வாரமே வந்துடுச்சு. இருக்குன்னு சொன்னா, அதான் இருக்கேன்னு நீ அலட்சியமா விட்டுடுவியோன்னு..."

"அதை விடு. கரண்ட் போகாதுன்னு நான் சொன்னேனே? நானே சொன்னேனேடா?"

"சொன்னே. நீ சொன்ன உடனே டீசல் வாங்கி ஊத்திட்டேன்." அவன் வெள்ளையாகத்தான் சொன்னான். "போன தடவை ஒரு மணி நேரம்னே, மூணு மணி நேரம் போச்சு. அதுலேர்ந்து நீ என்ன சொன்னாலும் கொஞ்சம் கழிச்சுத்தான் எடுத்துக்கறது. தப்பா நினைக்காதே."

குஞ்சுகள் பிழைத்தது அதனால்தான். அவளுக்கு அது தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பளாரென்று அறை வாங்கிய மாதிரியும் இருந்தது. "உன்னை நினைச்சு ஒரு மணி பத்து நிமிஷம் செத்துச் செத்துப் பிழைச்சேன்டா, மடையா!" என்று கத்தினாள். கூடப் பிறந்தவனே நம்பவில்லை, இதில் கூட்டலை நொந்து என்ன ஆகப்போகிறது? தம்பி மனைவி சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

கத்தி ஓய்ந்ததும் தம்பி மெதுவாகக் கேட்டான். "நாளைக்கு எப்படிக்கா? மிச்சம் பொரியணுமே."

நாளைக்குத் தொழிற்பேட்டைக்கு விடுமுறை. தீ அணைந்து இரண்டு லைனும் எழுந்து நிற்கின்றன. கூட்டல் கூட்டுவதை இருநூறோடு நிறுத்தினால் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகாது. அவளுக்கு அது கையில் பிடித்த மாதிரி தெரியும்.

"ஒரு மணி நேரம் போகும்," என்றாள்.

"அப்ப மூணு மணி நேரம்," என்று விரல் மடக்கினான் அவன். "டீசல் பத்தாது. வாங்கிட்டு வரேன்." திருப்தியாக டின்னைத் தேடப் போனான்.

கைப்பேசி அடித்தது. கூட்டல்.

"மேடம், நாளைக்கு உத்தேசமா எவ்வளவு?"

குஞ்சுகள் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். இருநூறு என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"நூத்தி நாப்பது சார்."

"பையில?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அதானே பார்த்தேன்," என்று சிரித்தார் அவர். "இருநூறுன்னு போட்டுடறேன்."

"உங்க இஷ்டம் சார்," என்று போனை வைத்துவிட்டு, தம்பி இழுத்து வந்த டின்னின் இன்னொரு கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள்.